சதுர அடைப்புக்குள் நீர்

நமக்கு இரசாயனம் படிப்பித்த சேரின் எண்பதாவது பிறந்த நாள் மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரும்படி மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். முதல் இரண்டு முறை நான் பதில் போடவில்லை. மூன்றாவது முறை உங்களில் ஒருவர், "நம்ம தண்ணிக்காரி எழுதினா நல்லா இருக்கும்" என்று சிரிக்கிற பொம்மையோடு நம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அதற்குக் கீழே இன்னும் பதினொரு பொம்மைகள் சிரித்தன. சரி, எழுதுகிறேன். இரண்டு பக்கத்துக்குள் அடங்காது. உங்களுக்குப் பிடிக்கவும் செய்யாது.

"பிள்ளைப் பருவ நினைவு" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். பதினேழு வயசு என்ன பிள்ளைப் பருவம் என்று எனக்கே சந்தேகம்தான். ஆனாலும் ரெட்டைப் பின்னல், வெள்ளை உடுப்பு, மழைக்கு நனைந்து நாறும் கன்வஸ் சப்பாத்து எல்லாம் அப்போது என்னிடம் இருந்தன. பெரியவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையும் இருந்தது. அந்த வருஷம் ஆவணி மாதத்தோடு அது போயிற்று. ஆகவே பிள்ளைப் பருவம் என்றே வைத்துக்கொள்வோம்.

எங்கள் வீடு கண்டி மார்க்கெட்டுக்குப் பின்பக்கம், ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. அப்பா மாநகரசபையில் கிளார்க். எந்தத் தெருவை யார் கூட்டுவது, எந்த வண்டி எந்தப் பக்கம் குப்பை அள்ளுவது என்று பட்டியல் போடுவது அவர் வேலை. ஒழுங்கு என்றால் உயிர். அந்த ஒழுங்குப் பித்தினால்தான் என்னை அவர் சேரின் வீட்டு டியூசனுக்கு அனுப்பவில்லை. பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்காததை வீட்டில் வைத்து என்னத்தைச் சொல்லிக் கொடுக்கப் போகிறார் என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு எங்கள் வீட்டில் யாரிடமும் பதில் இல்லை. பதில் சேரிடம் இருந்தது. பாடத்தில் பாதியை அவர் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கவே மாட்டார்.

டியூசன் நடந்த சேரின் வீட்டுக் கராஜ் உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். தகரக் கூரை, நீள வாங்குகள், சுவரில் கறுப்புப் பெயின்ட் அடித்த கரும்பலகை என்று எல்லாரும் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். நான் ஒருநாளும் உள்ளே போனதில்லை. வகுப்பில் முப்பத்திரண்டு பேர். அந்தக் கராஜுக்குள் போகாதவள் நான் ஒருத்தி. அங்கே எழுதிய கொப்பியைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவரக் கூடாது, வராதவர்களுக்குக் காட்டக் கூடாது என்று ஒரு சட்டம் இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அதை யாரும் எழுதக் காணோம். யாருக்குக் காட்டக் கூடாது என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. வராதவள் ஒருத்திதானே.

என் பக்கத்துக் கதிரைக்காரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாவலப்பிட்டியிலிருந்து தினமும் ரயிலில் வருவாள். மதியச் சாப்பாட்டில் எனக்குப் பாதி தருவாள். நல்லவள், ஆனால் சேர் வாயைத் திறந்தால் அவள் பேனாவைத் திறந்துவிடுவாள். அவர் சொல்வது அத்தனையும் கொப்பியில் ஏறும். "ஜன்னலைச் சாத்துங்க" என்று அவர் சொன்னதை ஒருமுறை பந்தியின் நடுவில் எழுதி வைத்திருந்தாள். சேர் சொன்னது என்று அதையும் வெட்டவில்லை. நான் சிரித்தேன். அவள் கோபித்துக்கொண்டாள்.

அந்தப் பள்ளித் தவணையில்தான் இரசாயனத்தில் சமநிலை மாறிலி என்ற எண்ணைக் காணும் கோவையை எழுதப் பழகினோம். உங்களுக்கு அது இன்னொரு பாடமாக இருந்திருக்கும். எனக்கு அது பைத்தியம். ஒரு தாக்கத்தை, அதாவது ஒரு இரசாயன மாற்றத்தை, கொடுத்தால் போதும். விளைவுகளின் செறிவு மேலே, தாக்கிகளின் செறிவு கீழே, ஒவ்வொன்றும் தன் சதுர அடைப்புக்குள். முன்னால் நிற்கும் எண் தலைக்கு மேல் ஏறி அடுக்காகிவிடும். கையால் ஒரு வரி எழுதினால் போத்தலுக்குள் நடப்பது முழுவதும் அந்த வரிக்குள் வந்து உட்கார்ந்துவிடும். அப்பாவின் அலுவலகத்திலிருந்து வந்த ஒரு பக்கம் அச்சடித்த தாள்களின் பின்பக்கமெல்லாம் நான் கோவை எழுதினேன். "மெயின் வீதி, நான்கு பேர், காலை ஐந்து மணி" என்று முன்பக்கம் இருக்கும். பின்பக்கம் அமோனியா இருக்கும்.

சேர் நான்கு கட்டளை சொல்லித் தந்தார். விளைவு மேலே. எண் அடுக்கு. திண்மத்தை எழுதாதே. நீரை எழுதாதே. நான்காவதைச் சொல்லும்போது மேசையில் ஒரு தட்டுத் தட்டுவார். ஏன் எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. தண்ணீரில் கரைந்து நடக்கும் தாக்கங்களில் தண்ணீர் அளவுக்கு மீறி இருப்பதால் அதன் செறிவு மாறுவதேயில்லை, அதனால்தான் விட்டுவிடுகிறோம் என்பதை நான் பின்னால் தெரிந்துகொண்டேன். தண்ணீர் கரைப்பானாக இல்லாத இடத்தில் அந்தக் கட்டளை செல்லாது. ஆனால் மேசையில் தட்டிச் சொன்ன கட்டளைக்கு விலக்கு உண்டென்று யாருக்குத் தோன்றும்?

பரீட்சைக்கு ஒரு வாரம் முன்பு சேர் எசுத்தர் செய்து காட்டினார். அந்த ஆய்வுகூடத்தின் மணம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. எரிவாயு, ஈரப் பலகை, பழைய அமிலம். இரண்டு போத்தல்களிலிருந்து அசற்றிக் அமிலமும் எதனோலும் ஊற்றினார், சல்பூரிக் அமிலம் சில துளி விட்டார், சுடுநீர் வைத்த பீக்கருக்குள் குழாயை நிறுத்திவைத்தார். கொஞ்ச நேரத்தில் நகப்பூச்சு அழிக்கிற திரவத்தின் மணம் வந்தது. முன்வரிசைப் பெண்கள் மூக்கை உறிஞ்சிச் சிரித்தார்கள். நான் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவர் தண்ணீர் ஊற்றவேயில்லை. உள்ளே தண்ணீர் இருந்தால் அது அந்தத் தாக்கத்தில் பிறந்த தண்ணீர்தான்.

தவணைப் பரீட்சையின் ஐந்தாம் வினா அதுதான். ஒரு மூல் அமிலம், ஒரு மூல் எதனோல், சமநிலையில் மூன்றில் இரண்டு மூல் எசுத்தர். மாறிலிக்குக் கோவை எழுதி, பெறுமானத்தைக் காண்க. எட்டுப் புள்ளி. நான் நீரை விட்டுவிட்டுத்தான் முதலில் எழுதினேன். செறிவு காண மூல் அளவைக் கனவளவால், எத்தனை லீற்றர் என்பதால், வகுக்க வேண்டும். வினாவில் கனவளவு இல்லை. மூன்று முறை வாசித்தேன், இல்லை. நீரை விட்டால் மேலே ஒன்று, கீழே இரண்டு. கனவளவு தொங்கிக்கொண்டு நிற்கிறது. நீரை எழுதினால் மேலே இரண்டு, கீழே இரண்டு. கனவளவு தானாக வெட்டுப்பட்டுப் போகிறது. விடை நான்கு. அந்த ஆய்வுகூடக் குழாய் கண்முன் வந்தது. முதலில் எழுதியதை வெட்டிவிட்டு, சதுர அடைப்புப் போட்டு நீரை எழுதினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக ஒரு விடையை நான் எழுதியதில்லை.

நீங்கள் அத்தனை பேரும் கனவளவை ஒரு லீற்றர் என்று வைத்துக்கொண்டீர்கள். கராஜில் அப்படித்தான் பழக்கியிருந்தார். முப்பத்தொரு பேருக்கும் ஆறு வந்தது.

தாள் திருப்பிக் கொடுத்த நாளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள், பட்டப்பெயர் மறக்கவில்லையே. சேர் என் தாளைத் தனியாக எடுத்து வைத்திருந்தார். கரும்பலகையில் வந்து எழுதச் சொன்னார். எழுதினேன். நீரின் சதுர அடைப்பைச் சுற்றிச் சோக்கினால் ஒரு வட்டம் போட்டார்.

"நாலாவது கட்டளை என்னா?"

சொன்னேன். பிறகு, "சேர், கனவளவு குடுக்கலையே" என்றேன்.

"ஒண்ணுன்னு எடுத்துக்க வேண்டியதுதானே. முப்பத்தொரு பேருக்குத் தெரியுது, ஒனக்கு மட்டும் தெரியல. தாகமா இருந்தா பைப்புல போய்க் குடிச்சிட்டு வா, பேப்பர்ல ஊத்தாத."

முதலில் பின்வரிசை சிரித்தது. பிறகு எல்லோரும் சிரித்தீர்கள். அவர் நிஜமாகவே என்னைப் பைப்புக்கு அனுப்பினார். நான் மைதானத்து ஓரத்துப் பைப்பில் தண்ணீர் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். அன்றிலிருந்து தண்ணிக்காரி. நாற்பது வருஷத்துக்குப் பிறகும் அதற்குப் பதினொரு பொம்மைகள் சிரிக்கின்றன.

ஐந்தாம் வினாவுக்குப் பூச்சியம், என் மொத்தப் புள்ளி முப்பத்தைந்து. மீதி வினாக்களில் நான் கெட்டிக்காரி என்று சொல்ல வரவில்லை. கராஜில் மட்டும் நடந்த பாடங்களில் எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் இரசாயனவியலில் நாற்பதுக்குக் குறைந்தவர்கள் விஞ்ஞான வகுப்பில் இருக்க முடியாது, கலைப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று அந்த வருஷம் ஒரு விதி வைத்திருந்தார்கள். பெரஹரா திருவிழா விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறக்கும்போது பட்டியல் ஒட்டப்படும் என்றார்கள். முப்பத்தைந்தும் எட்டும் நாற்பத்து மூன்று. இந்தக் கூட்டலை நான் அந்த விடுமுறை முழுக்கப் போட்டேன்.

பெரஹரா என்றால் ஊருக்குக் கொண்டாட்டம், அப்பாவுக்கு மட்டும் தலையிடி. காலையில் கடலைத் தோலும் யானைச் சாணமும் பந்தங்களிலிருந்து விழுந்த தேங்காய்ச் சிரட்டைக் கரியும் தெரு நிறையக் கிடக்கும். அவர் குடையோடு நின்று தெருக் கழுவ வைப்பார். நான் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோன ஒரு காலையில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் என் பக்கத்துக் கதிரைக்காரியைக் கண்டேன். விடுமுறை விசேட வகுப்புக்குப் போய்விட்டு வருகிறாள். கொப்பியை நெஞ்சோடு அணைத்து, அதன்மேல் குடையைப் பிடித்திருந்தாள். அவள் தோள் நனைந்துகொண்டிருந்தது. ஐந்தாம் வினாவைப் பற்றிச் சேர் ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன்.

"புதுசா ஒண்ணும் இல்ல. பழசத்தான் திருப்பினாரு" என்றாள்.

நான் நம்பினேன். பாதிச் சாப்பாடு தருகிறவள் பொய் சொல்வாள் என்று நினைக்கவில்லை.

பட்டியலில் என்னோடு மூன்று பெயர். மற்ற இரண்டு பேருக்கும் எப்படியாவது இரசாயனம் ஒழிந்தால் சரி. அதனால் அவர்களைப் பற்றிக் கவலை இல்லை. என் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அன்றைக்குக் கண்டிக் குளத்தைச் சுற்றி நடந்தே போனோம். வழியெல்லாம் நான் அவருக்கு விளக்கினேன். மேலே இரண்டு, கீழே இரண்டு, வெட்டுப்படும். அப்பாவுக்கு இரசாயனம் தெரியாது, ஆனால் குறிப்பு இல்லாத கணக்கு என்றால் புரியும். எத்தனை பேர் என்று சொல்லாமல் எந்தத் தெருவையும் கூட்ட முடியாதே. "கனவளவு ஏன் குடுக்கலன்னு கேக்குறேன், அவ்வளவுதானே" என்றார். வாசல் வரைக்கும் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

சேர் எழுந்து நின்று வரவேற்றார். நல்ல மரியாதை. கதிரையை அவரே இழுத்துப் போட்டார். சிவப்பு மையில் வெட்டிய என் தாளை மேசைமேல் விரித்தார். "பாப்பா கெட்டிக்காரிதான் ஐயா, நான் இல்லன்னு சொல்லல. ஆனா சொல்றதக் கேக்குற புள்ள இல்ல" என்றார். பிறகு மற்றவர்களின் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஆறு, ஆறு, ஆறு.

அப்பா பார்த்துக்கொண்டேயிருந்தார். நான் அவர் சட்டைக் கையைப் பின்னாலிருந்து இழுத்தேன். அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. "ஒரே புள்ளங்க சேர், கொஞ்சம் பிடிவாதம். மன்னிச்சிருங்க" என்றார். மாற்றப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். என்னையும் போடச் சொன்னார்.

திரும்பும்போது குளக்கரையில் ஒரு இடத்தில் நின்றார். கோபமாக அல்ல, உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் கேட்டார்.

"அத்தனை பேரும் ஆறுன்னு எழுதியிருக்காங்க. நீ மட்டும் எப்புடிம்மா சரியா இருப்ப?"

வீட்டுக்கு வந்ததும் இரசாயனக் கணக்குக்கு நான் வைத்திருந்த மடக்கை அட்டவணைப் புத்தகத்தை எடுத்து அலுமாரிக்கு மேலே வைத்தார். யாருக்காவது கொடுக்கலாம் என்றார். யாருக்கும் கொடுக்கவில்லை. வீடு மாறியபோது தொலைந்துபோனது. அந்த நீல அட்டைப் புத்தகத்தை எனக்கு இன்னும் தேட வேண்டும்போல இருக்கிறது.

அதற்குப் பிறகு நான் என்ன ஆனேன் என்று உங்களில் யாரும் கேட்டதில்லை, ஆனாலும் சொல்கிறேன். கலைப் பிரிவில் படித்து, கிளார்க் பரீட்சை எழுதி, பேராதனையில் ஓர் ஆய்வுகூடத்தின் கவுண்டரில் உட்கார்ந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சோதனைக் குழாய்கள், இந்தப் பக்கம் நான். அறிக்கைகளை உறையில் போட்டுப் பெயர் எழுதிக் கொடுப்பது வேலை. முப்பது வருஷம் அந்த மணத்தை மூக்கால் மட்டும் தொட்டுக்கொண்டிருந்துவிட்டு ஓய்வு பெற்றேன். இப்போது பிலிமத்தலாவையில் இருக்கிறேன். அப்பா காலமாகி வெகு நாளாகிறது. அந்த ஐந்தாம் வினாவில் நான் பிழை விட்டேன் என்று நம்பிக்கொண்டே போய்ச் சேர்ந்தார். எனக்கு ஆறாத கோபம் அதுதான். நான் கவுண்டரில் உட்கார வேண்டி வந்ததுகூட அவ்வளவு கோபமில்லை.

இனி, போன மாதம் நடந்தது. மலருக்குப் படம் தேடியபோது என் பக்கத்துக் கதிரைக்காரி, இப்போது வெளிநாட்டில் பெரிய டொக்டர், தன் கராஜ் கொப்பியைக் கண்டெடுத்துப் படம் பிடித்துக் குழுவில் போட்டாள். "சேரின் தங்கக் குறிப்புகள்" என்று எழுதியிருந்தாள். நீங்கள் ஆளுக்கு ஆள் கைகூப்பினீர்கள். நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே அவளுடைய உருண்டை எழுத்தில், "பெரஹரா லீவு விசேட வகுப்பு" என்று இருந்தது. கீழே எசுத்தர்த் தாக்கம். கோவையில், சதுர அடைப்புக்குள், நீர். அதற்குக் கீழே பெட்டி கட்டி, "இங்கு நீர் கரைப்பான் அன்று. கட்டாயம் எழுத வேண்டும்." மாறிலி நான்கு.

அதோடு முடியவில்லை. சேர் சொல்வது எதையும் அவள் விடமாட்டாள் என்றேன் அல்லவா? ஓரத்தில் சின்னதாக இதுவும் இருந்தது: "தவணைப் பரீட்சை ஐந்தாம் வினாவுக்கும் இதுவே விடை. புள்ளி மாற்றம் இல்லை. வெளியே பேச வேண்டாம்."

ஆக, பட்டியல் ஒட்டப்படுவதற்கு முன்பே அவருக்குத் தெரியும். என் அப்பாவுக்குக் கதிரை இழுத்துப் போட்டபோது தெரியும். ஆறு, ஆறு என்று புரட்டிக் காட்டியபோது தெரியும். ஏன் மாற்றவில்லை என்பதும் எனக்கு இப்போது விளங்குகிறது. மாற்றினால் முப்பத்தொரு பேருக்கு எட்டுப் புள்ளி போகும். உங்களில் நாற்பதுக்கும் நாற்பத்தெட்டுக்கும் நடுவில் நின்றவர்கள் அத்தனை பேரும் எனக்குப் பதிலாகக் கலைப் பிரிவுக்குப் போயிருப்பீர்கள். சேர் இல்லாவிட்டால் இன்றைக்கு நாங்கள் இல்லை என்று எல்லாரும் எழுதியிருக்கிறீர்கள். மெத்தச் சரி. நானும் அதையேதான் சொல்கிறேன்.

டொக்டர் அம்மா, உனக்கு நாற்பத்து நான்கு. நீ மறந்திருக்கலாம். பட்டியலுக்குப் பக்கத்தில் எல்லோருடைய புள்ளியும் ஒட்டியிருந்தது, நான் அதைப் பலமுறை வாசித்தவள். நாற்பத்து நான்கில் எட்டுப் போனால் எவ்வளவு என்று பஸ் நிலையத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது உனக்கும் தெரிந்திருக்கும். அந்த வயசில் நீ பயந்தாய், அது எனக்குப் புரிகிறது. ஆனால் "ஓரத்தில் எழுதியிருப்பதை வாசியுங்கள்" என்று நான் குழுவில் போட்டு அரை மணி நேரத்துக்குள் அந்தப் படத்தை எடுத்துவிட்டு, ஓரத்தை வெட்டிய படத்தைப் போட்டாயே, அது எந்த வயசுப் பயம்? மற்றவர்களும் ஒன்றும் நடக்காததுபோல மறுபடி கைகூப்பினீர்களே.

முதல் படம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. டவுனில் ஒரு கடையில் பெரிதாக அச்சடித்து எடுத்து, அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் சுவரில் வைத்திருக்கிறேன். அவருக்குச் சொல்ல வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

மலரில் இதைப் போட மாட்டீர்கள் என்று தெரியும். பரவாயில்லை. பிறந்த நாள் விழா மண்டபத்துக்கு நான் வருகிறேன், முன்வரிசையில் ஒரு கதிரை போட்டு வையுங்கள். பொன்னாடை போர்த்துங்கள், கைதட்டுங்கள், நான் குறுக்கே வரமாட்டேன். எல்லாம் முடிந்து, யாராவது இரண்டு வார்த்தை பேச வருகிறீர்களா என்று கேட்பீர்கள் அல்லவா, அப்போது எழுந்திருப்பேன். திட்ட மாட்டேன். அன்றைக்குக் கரும்பலகைக்குப் பக்கத்தில் நான் கேட்டதையும், அப்பா வாசல் வரைக்கும் சொல்லிப் பார்த்துவிட்டுக் கேட்காமல் விட்டதையும்தான் கேட்கப் போகிறேன். சேர், கனவளவு குடுக்கலையே?